என் நெஞ்சுக்குள் முளைத்த கோரை

தன் சாவுக்கு யார் யார் எப்படி அழுவார்கள் என்று தெரியாமலேயே பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. எனக்கான ஒப்பாரியை, மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, நானே நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நன்றாகவே இருந்தது. (என் நிறத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் குறுக்கே பேசித் திருத்துவது மரியாதையாக இருக்காது.)

மணலூர்பேட்டையில் எனக்கு ஒரு உரக்கடை. யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து, விதை. ஆற்றுக்குப் போகிற பக்கம் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். பி.ஏ. படித்தவன். அந்தப் படிப்பால் எனக்கு ஊரில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று கிடைத்திருந்தது. இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கடைக்குத்தான் வரும். நானும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, புரிந்த ஓரிரு வார்த்தைகளை வைத்துக்கொண்டு, புரியாத வார்த்தைகளுக்கும் சேர்த்தே அர்த்தம் சொல்லி அனுப்பிவிடுவேன். வாடிப்போன இலையைக் கொண்டுவந்து காட்டினாலும் அதே கதைதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நுண்ணூட்டம் கம்மி" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைப்பேன். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அதுவே என் திறமைக்குச் சான்று என்று நினைத்திருந்தேன். (திரும்பி வராதவர்கள் எல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள் என்பது என் மனைவி செல்வியின் கருத்து.)

சில வருஷங்களுக்கு முன்பு, கரும்பு வெட்டு முடிந்து வயலில் கிடந்த காய்ந்த கரும்பிலைச் சோகையைக் கொளுத்தினோம். அந்தப் புகையோடு வந்த இருமல் என்னை விட்டுப் போகவே இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. கடைக்கு வந்த எவர் எந்த மருந்து சொன்னாலும் குடித்தேன். கடைசியில் செல்வி என்னைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். "வலது பக்கம் அடியில சளி கட்டியிருக்கு. நடுவுலயும் கொஞ்சம் அகலமாத் தெரியுது. மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க. எதுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார்.

ஸ்கேன் அறையைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தை ராட்சசன் ஒருவன் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது போல ஒரு வெள்ளை வளையம். அதற்குள் என்னைப் படுக்கவைத்துத் தள்ளினார்கள். ஆளே இல்லாத அறையில் ஒரு குரல், "மூச்சை இழுங்க... அப்படியே புடிங்க" என்றது. பிடித்தேன். சக்கரம் சுழன்றது. என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை கவனமாக யாரும் சுற்றிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் பெரிய கவர் ஒன்று கைக்கு வந்தது. அதற்குள் டாக்டரம்மா கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, கரியாலூரில் மருத்துவ முகாமாம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

"கவரப் பிரிக்காதீங்க. டாக்டரம்மா பாக்கட்டும்" என்றாள் செல்வி.

"இங்கிலீசு எனக்கு இன்னா புதுசா?" என்றேன்.

அவள் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கப் போன நேரத்தில், பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று பிரித்துவிட்டேன்.

பூச்சிமருந்து பாட்டில் என்றால் ஒரு வசதி உண்டு. லேபிளில் முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் ஆளைக் கொல்லும், பச்சை என்றால் பரவாயில்லை. அந்த ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். முக்கோணமே இல்லை. எழுத்துதான். மீடியாஸ்டினம் என்று ஒரு வார்த்தை. நெஞ்சுக்கு நடுவே என்று போன் சொன்னது. அங்கே லிம்ஃப் நோடுகள், நிணநீர் முடிச்சுகளாம். ஒன்றல்ல, பல. பல இடங்களில். வீங்கியிருக்கின்றன. பெரியது பதினாலு மில்லிமீட்டர். இன்னொன்றில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. போனில் மேலும் ஒரு தட்டு தட்டினேன். அது நேராக என்னைச் சுடுகாட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விவசாயம் தெரிந்த யாருக்கும் விளங்கியிருக்கும். கோரை!

கோரைப்புல்லை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே பார்த்தால் சாதுவான புல். மண்ணைக் கிளறினால் கறுப்புக் கறுப்பாகக் கிழங்குகள், கொட்டை அளவில், நூல் மாதிரி வேரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அறுந்த வேரிலிருந்து நாலைந்து புதிதாகக் கிளம்பும். நிலத்தில் கோரை விழுந்தால் அந்த நிலத்துக்காரனின் தூக்கம் போயிற்று. அதற்கான மருந்து எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை விற்பவனே நான்தானே!

என் நெஞ்சுக்குள் கோரை விழுந்திருக்கிறது. பல இடங்களில். பெரிய கிழங்கு பதினாலு மில்லிமீட்டர்.

செல்வியிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை எலவனாசூர்கோட்டையில் என் தங்கை வசந்தாவின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த நல்ல காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு தியாகியைப் போல முடிவெடுத்தேன். யாரிடமும் வாய்திறந்து சொல்வதில்லை. முகத்தில் மட்டும் லேசாகக் காட்டுவது. அவ்வளவுதான்.

"இன்னா மூஞ்சி ஒரு மாதிரி கீது? கேஸ் புடிச்சிக்கிச்சா?" என்றாள் செல்வி.

மண்டபத்தில் கூட்டம். ஒரு பக்கம் காலைப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பந்தியின் கோடியில் பச்சையப்பன் அண்ணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என் பெரியப்பா மகன். அவர் நிலமும் என் நிலமும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவே ஒரு வரப்பு. அந்த வரப்புக்குக் கால் முளைத்துவிட்டது என்பதுதான் எங்கள் பகை. ஒவ்வொரு வருஷமும் ஏர் ஓட்டி முடித்துப் பார்த்தால் அது கொஞ்சம் என் பக்கம் நகர்ந்திருக்கும். நான் அதை அவர் பக்கம் தள்ளிவைப்பேன். (நான் தள்ளியது சரி செய்வதற்காக, அவர் தள்ளியது அநியாயம். இதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.) மொத்தத் தகராறும் ஒரு மாடு நின்று திரும்ப முடியாத அகலத்துக்குத்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பல வருஷமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாண வீடுகளில் அவர் இடது வரிசை என்றால் நான் வலது வரிசை.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். பட்டுப்பாவாடை, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. அது என் முகத்தையே அண்ணாந்து பார்த்தது. இந்தக் குழந்தை பெரியவளாகி மஞ்சள் நீராட்டுக்கு உட்காரும்போது தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். மடை உடைந்துவிட்டது. தோள் குலுங்க அழுதேன்.

தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆசாரி குழம்பிப்போனார். "மாமா, இன்னும் குத்தவே இல்லியே!" என்றார்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. சீர்த் தட்டுகளை அறிவிக்கப் பக்கத்தில் மைக் வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் என்ன மன்னிச்சிருங்க. எனக்கு நாள் நெருங்கிடுச்சி" என்றேன். என் குரல் நான்கு குழாய்களில் வெளியே தெருவரைக்கும் போனது. "நெஞ்சு பூரா கோரை வுழுந்துபோச்சி. ஸ்கேன்ல வந்துடுச்சி. பச்சையப்பண்ணா... அந்த வரப்பு ஓரம் பூரா நீயே வெச்சிக்கோண்ணா. மண்ண கட்டிக்கினு நான் எங்க போவப் போறேன்?"

மண்டபம் அடங்கியது. கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அந்த அமைதியில், எங்கள் மங்கா அத்தை கூந்தலை அவிழ்த்துவிட்டு, கையால் தரையில் அறைந்தபடி உட்கார்ந்தாள். துளிகூட ஒத்திகை இல்லை. எடுத்த எடுப்பில் ராகத்தோடு, என்னைச் செக்கச் சிவந்த ராசா என்றும், உரக்கடைக்கே விளக்கு என்றும், நான் போனால் யூரியா மூட்டையெல்லாம் அநாதை என்றும் அடுக்கினாள். நான் மெய்ம்மறந்து கேட்டேன். என் நிலைமை மட்டும் கொஞ்சம் சரியாக இருந்திருந்தால் எழுந்து கைதட்டியிருப்பேன்.

வசந்தா ஓடிவந்தாள். "ஏண்ணா, எம் பொண்ணு காதுகுத்துதான் கெடைச்சிதா உனக்கு? வேற நாளே இல்லியா?" என்று தலையில் அடித்துக்கொண்டவள், அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

செல்வி அழவில்லை. நேரே வந்தாள், என் பக்கத்திலிருந்த பையைத் திறந்தாள், கவரை எடுத்தாள்.

"பிரிச்சீங்களா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பார்த்த பிறகுதான், அதுவரை நான் ஒரு நாடகத்தின் நாயகனாக இருந்தேன் என்பதும் இவளுக்கு இது நாடகமில்லை என்பதும் எனக்கு உறைத்தது.

இதற்கிடையில் ஆசாரி தன் வேலையை முடித்துவிட்டிருந்தார். சுற்றி இருந்த எல்லோரும் அழுததால் குழந்தை தான் அழ மறந்துபோய், எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சையப்பன் அண்ணன் எச்சில் கையோடு எழுந்து வந்தார். பல வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "டாக்டரு எங்க கீறாங்க?"

"கரியாலூர்ல... முகாம். நாளைக்குத்தான்..."

"நாளைக்காவது மயிராவது. வண்டிய எட்றா டேய்!" என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

காதுகுத்துக்கு ஆள் ஏற்றிவந்த வேன் நின்றிருந்தது. நான், செல்வி, அண்ணன் மூன்று பேர் போனால் போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் நோயாளியைத் தனியாக அனுப்புகிற வழக்கம் இல்லை. வேன் நிரம்பியது. சிலர் இலையில் இருந்த கேசரியை மடித்துக்கொண்டே ஏறினார்கள். கள்ளக்குறிச்சியில் வண்டியை நிறுத்தி, நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆப்பிளும் பிரெட்டும் வாங்கினார்கள். நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், வாங்கிய கையோடு என் மடியில் வைத்தார்கள். ஆளுக்கொரு கதையும் வைத்தார்கள். ஒருவரின் சகலைக்கு இதே மாதிரி வந்ததாம். "அப்புறம்?" என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மங்கா அத்தை மறுபடி ஆரம்பித்தாள். ஆனால் கல்வராயன் மலையின் வளைவுகளுக்கு ஒப்பாரி ராகம் ஒத்துவரவில்லை. ஒரு வளைவில் "என் ராசா" என்பாள். அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பாள். அதற்கடுத்த வளைவில் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அந்த உறுதியை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அண்ணன் என் கையை விடவே இல்லை. அரிவாள் பிடியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்தார். பாதி மலை ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இருமல் எப்பத்துல இருந்துடா?"

"சோக கொளுத்துனதுல இருந்துண்ணா."

"பாத்தேன். நெலத்துல குந்திக்கினு இருமிக்கினு இருந்தே. தண்ணி கொண்டாந்து குடுக்கலாம்னு வந்தேன்." கொஞ்ச நேரம் எதிரே மலையைப் பார்த்தார். "வரப்பு வரிக்கும் வந்தேன்."

என் மடியில் ஆப்பிள்கள் உருண்டுகொண்டே வந்தன.

கரியாலூர் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்துகொண்டிருந்தது. மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள் வராந்தா நெடுக வரிசையில் அமைதியாக நின்றிருந்தார்கள். அந்த அமைதிக்குள் எங்கள் வேன் போய் நின்று, அழுத கண்ணும் சந்தனப் பொட்டுமாக ஒரு கூட்டத்தைக் கொட்டியது. டாக்டரம்மா பதறி வெளியே வந்தார்.

"யாருக்கு அடிபட்டுது?"

"எனக்குத்தாங்க" என்று ஆப்பிளோடு முன்னால் வந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். அது பிரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். "படிச்சீங்களா? சரி, என்ன புரிஞ்சிது?"

"கோரைங்க" என்றேன்.

விளக்கிச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்களிடம் ஒரு அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என்னைச் சாப்பாட்டு இடைவேளை வரை காத்திருக்கச் சொல்லாமல், அங்கேயே ரிப்போர்ட்டை வாசித்தார். பிறகு பிலிமை உருவினார். பின்னால் விளக்கு வைத்துப் பார்க்கும் பெட்டி அங்கே இல்லை. முற்றத்துக்கு வந்து, பிலிமை ஆகாயத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மலைக்காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அண்ணன் ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். என் நெஞ்சு கல்வராயன் மலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து வைத்தது போல, கழுத்திலிருந்து வயிறு வரை என்னை அரிந்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு கறுப்புக் குளங்கள், அவை நுரையீரல். குளத்துக்குள் வெள்ளைக் கிளைகளாக ரத்தக்குழாய்கள், இலை உதிர்ந்த மரம் போல. நடுவே, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இதயம். பிலிமுக்குப் பின்னால் மேகம் நகர்ந்தது. என் நுரையீரலுக்குள்ளேயே மேகம் போவது போல இருந்தது. வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "இம்மாம் வேலப்பாடா உள்ள!" என்றாள்.

"இது மூச்சுக்குழாய்" என்று டாக்டரம்மா ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார். "கீழ வாங்க. இங்க ரெண்டாப் பிரியுது. மதகுல வாய்க்கால் பிரியற மாதிரி. அந்தப் பிரிவுக்கு அடியில, சாம்பல் நிறத்துல சின்னதா இருக்கு பாருங்க. அதான் ரிப்போர்ட்ல இருக்கற பெரிய லிம்ஃப் நோடு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுக்காடா மைக்கப் புடிச்சே?" என்றார் அண்ணன்.

"இத எப்படிங்க வேரோட எடுக்கறது?" என்று கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்? இது புதுசா மொளைக்கல. பொறக்கும்போதே உங்களுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு. இங்க நிக்கற எல்லாருக்கும் இருக்கு."

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் முற்றத்தில் இருந்த அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் அவரவர் நெஞ்சுக்குப் போனது. மங்கா அத்தை பயந்து இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா. கழுத்து, அக்குள், வயிறுன்னு உடம்பு பூரா இருக்கு. காவலுக்கு இருக்கு. நுரையீரலுக்குள்ள கிருமி, தூசு, புகை எது போனாலும் அங்கேர்ந்து திரும்பற நீர் இந்தக் காவல் வழியாத்தான் போகணும். கெட்டதைப் புடிச்சி வெச்சிக்கிட்டு நல்லதை மட்டும் விடும். வேலை ஜாஸ்தியானா வீங்கும். இவருக்கு வலது அடியில நிமோனியா இருக்கு, பாருங்க வெள்ளையா. பக்கத்துல சண்டை நடக்கும்போது காவல்ல ஆள் சேரத்தான் செய்யும்."

கூட்டம் மூச்சு விட்டது. செல்வி விடவில்லை. "அப்ப கேன்சர் இல்லன்னு சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா பிலிமைத் தாழ்த்திவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார். "அப்படி இருக்க வாய்ப்பு கம்மின்னு சொல்றேன். முழுசா இல்லன்னு இன்னிக்கே சொன்னா அது பொய்யாயிடும். குறுக்கு அளவு பத்து மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பொதுவா நாங்க கண்டுக்கறதில்ல. தாண்டுனா ஏன்னு தேடுவோம். அளவை மட்டும் வெச்சி நல்லது கெட்டது சொல்ல முடியாதும்மா. இதோட வடிவம் மொச்சைக்கொட்டை மாதிரி ஒழுங்கா இருக்கு. ஓரம் சுத்தமா இருக்கு. அது நல்ல சேதி. சளியில காசநோய் இருக்கான்னு பாக்கணும். மாத்திரையை நிறுத்தாம முடிக்கணும். சில வாரம் கழிச்சி இன்னொரு ஸ்கேன். சுருங்கியிருந்தா சரி. சுருங்கலன்னா ஊசி விட்டு எடுத்துப் பரிசோதிச்சிருவோம்."

செல்வி ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். நான் இத்தனை வருஷமாக என் கடையில் ஒருவருக்கும் "இன்னிக்கே சொன்னா பொய்யாயிடும்" என்று சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"அந்தச் சுண்ணாம்பு?" என்று கேட்டேன். கடைசிச் சந்தேகம்.

அவர் மறுபடி பிலிமைத் தூக்கி ஒரு புள்ளியைக் காட்டினார். பல்லைப் போல வெள்ளையாக, உளுந்து அளவுக்கு. "இது பழசு. சின்ன வயசுல எப்பவோ ஒரு கிருமி உள்ள வந்திருக்கு. பெரும்பாலும் காசநோய்க் கிருமியா இருக்கும். இந்தக் காவல் அதைப் புடிச்சி, சுத்திச் சுவர் கட்டி, ஆறி, சுண்ணாம்பா இறுகிடுச்சி. இப்ப அதால ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்களே!"

"உங்களுக்குத் தெரியாமயே முடிச்சிருக்கு. அதானே அதோட வேலை?"

நான் அந்த உளுந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்று மணலில் ஆட்டம் போட்ட ஏதோ ஒரு வருஷத்தில், என் சாவு என் நெஞ்சு வரை வந்திருக்கிறது. யாரோ அதை வாசலிலேயே மறித்து, மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி மூடிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததாக ஞாபகம் இல்லை. ஒரு வெண்டைக்காய்ச் செடியைப் பிழைக்கவைத்தால் ஊர் பூரா சொல்லித் திரிகிற ஆள் நான். என்னைப் பிழைக்கவைத்த அதுவோ, இத்தனை வருஷமாக வாயே திறக்கவில்லை. அதைப் போய்க் கோரை என்றேன். களை என்று நினைத்து, என் வயலின் காவல்காரனையே பிடுங்கக் கேட்டேன்.

பக்கத்தில் ஏதோ சத்தம். பச்சையப்பன் அண்ணன் பிலிமின் மூலையை விட்டுவிட்டு, முற்றத்து மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மண்டபத்தில் அழாத மனிதர். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் இருந்த ஒரு ஆப்பிளை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டார்.

"அப்ப வரப்பு?"

முற்றமே கொல்லென்று சிரித்தது. டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் உள்ளே ஒரு கணம் 'சொன்னதை மாற்றிவிடலாமா' என்று ஓடியது. (பொய் சொல்வானேன், இரண்டு மூன்று கணம் ஓடியது.) ஆனால் நான்கு குழாயில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

"குட்த்தது குட்த்ததுதாண்ணா" என்றேன்.

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு ஆப்பிளைக் கடித்தார்.

அடுத்த சில வாரங்கள் சிரித்துக்கொண்டே கழிந்தன என்று சொல்லமாட்டேன். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் குறைந்தது. ஆனாலும் மூச்சுக்குழாயின் பிரிவுக்கு அடியில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைப் பற்றி நினைக்காமல் யாரால் மூச்சு விட முடியும்? செல்வி பேச்சைக் குறைத்துவிட்டாள். நான் வேளை தவறாமல் மாத்திரை விழுங்குகிறேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது நானும் நெஞ்சைத் தொட்டு, உள்ளே இருப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கு அண்ணனும் வந்தார். கவரைக் கொடுக்க ஆள் வந்ததும் நான் கையை நீட்டினேன். அண்ணன் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டார். டாக்டரம்மாவின் மேசைமேல்தான் அதை வெளியே எடுத்தார்.

டாக்டரம்மா பழைய பிலிமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். வலது பக்கத்து வெள்ளை கரைந்திருந்தது. பிரிவுக்கு அடியில் இருந்தது சுருங்கித் தன் பழைய இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. செல்வி அன்றைக்குத்தான் அழுதாள்.

வரப்போரம் இப்போதும் அண்ணனிடம்தான் இருக்கிறது. வெட்கமே இல்லாமல் உழுகிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நான் லேசாகச் செருமினால்கூட, யாராவது ஒருவர் மைக்கை எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, "மாமா, இன்னிக்கு இன்னா எழுதிக் குடுக்கப் போற?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஸ்கேன், யாருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலும், ரிப்போர்ட் வாங்கப் பச்சையப்பன் அண்ணன்தான் போக வேண்டும். என்னைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸிலேயே ஏற்றுவதில்லை. அண்ணனுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கவரை வாங்கிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, டாக்டர் கூப்பிடும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். அது அவர் சட்டைக்குள் இருக்கும்வரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லை.